4130 ஸ்டீல் குழாய் பிரேமில் உள்துரு: எண்ணெயா, அடைப்பா, நைட்ரஜனா?

#1 சாரல்_செங்கோட்டை

வணக்கம். செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில் ஒரு ஷெட்டில் இரண்டு சீட் கிட் விமானத்தின் உடற்கூடு நிற்கிறது. முழுக்க 4130 குரோமாலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) குழாய். நீளவாக்கில் ஓடும் நாலு முதன்மைக் குழாயும் (லாஞ்சரான்) 7/8 அங்குலம், சுவர் 0.035 அங்குலம், அதாவது 0.89 மி.மீ. குறுக்குக் குழாய்கள் பெரும்பாலும் 5/8. தொழிற்சாலையிலேயே டிக் வெல்டிங் முடித்து, வெளியே காப்பெண்ணெய் மட்டும் பூசி அனுப்பியிருக்கிறார்கள். பிரைமர் இன்னும் இல்லை. பேட்டரி தட்டு, வயரிங் பிடிப்பு என்று சில டேப்கள் (tab, சின்னத் தகடுகள்) மட்டும் இங்கே பற்றவைக்க வேண்டியிருக்கிறது.

ஆரியங்காவு கணவாய் வழியாக ஆனி, ஆடியில் இறங்கும் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்யாத நாளிலும் இரும்பைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டும். வெளிப்புறத்தை பிரைமர் பார்த்துக்கொள்ளும். குழாயின் உள்ளேதான் கேள்வி. அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.யின் ஏ.சி. 43.13-1பி வழிகாட்டி இரண்டு வழியையும் ஒப்புக்கொள்கிறது. சூடான ஆளிவிதை (லின்சீட்) எண்ணெயையோ பாரல்கீட்டோன் என்ற துருத்தடுப்புப் பூச்சையோ உள்ளே ஓட்டி, வடித்து, துளையை ஸ்க்ரூவால் அடைக்கலாம். இல்லையென்றால் உள்ளே ஈரமில்லாமல், காற்றும் நீரும் புகாதபடி மூடிவிடலாம். சாரல் ஊருக்கு இவற்றில் எது பொருந்தும்? எண்ணெய் என்றால் எந்தக் கட்டத்தில் ஊற்றுவது?

#2 கொழிஞ்சாம்பாறை_கே

முதல்ல ஒரு கணக்குப் போட்டுப் பாத்துடுங்க.

7/8 குழாயின் உள்விட்டம் 20.4 மி.மீ. ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.33 லிட்டர் காற்று பிடிக்கும். அதில் இருக்கும் ஆக்சிஜன் சுமார் 0.09 கிராம். ஒரு கிராம் ஆக்சிஜன் 2.3 கிராம் இரும்பைத் துருவாக்கும். ஆக, மீட்டருக்கு 0.2 கிராம் இரும்பு போகும், அதோடு ஆக்சிஜன் தீர்ந்துவிடும். உட்பரப்பு மீட்டருக்கு 640 சதுர செ.மீ. அதில் சமமாகப் பரவினால் அரை மைக்ரான்கூட வராது. சுவர் 890 மைக்ரான். நூறில் ஒரு பங்கு பரப்பிலேயே அத்தனை துருவும் குவிந்தாலும் 40 மைக்ரான் சொச்சம்தான், சுவரில் இருபதில் ஒரு பங்கு.

உண்மையிலேயே மூடிய குழாய்க்கு எண்ணெயே வேண்டாம் என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மூடியதாகத் தெரிந்து, வெல்டில் ஊசித்துளை இருந்தால் கதை மாறிடுமுங்க. ராத்திரி 25 டிகிரி, பகல் வெயிலில் பிரேம்மேல் போர்த்தும் துணிக்கு அடியில் 55 டிகிரி. உள்ளே இருக்கும் காற்று பத்தில் ஒரு பங்கு வெளியே போய்த் திரும்ப வரும். 10,000 அடி ஏறினால் வெளி அழுத்தம் 30 சதவீதம் குறையும், இறங்கும்போது அத்தனையும் மேகத்து ஈரக்காற்றாக உள்ளே வரும். துளைமேல் மழைத்துளி நிற்கும் நேரத்தில் குழாய் குளிர்ந்தால் நீராவி இல்லை, தண்ணீரையே உறிஞ்சும். உள்ளே போனது வெளியே வர வழி கிடையாது. திறந்த குழாயாவது காயும். பாதி மூடிய குழாய் காயவே காயாது.

#3 களியக்காவிளை_டார்ச்

கணக்கு சரி. அந்த ஊசித்துளை எங்கே வரும் என்று சொல்லிவிடுகிறேன், தேட வசதியாக இருக்கும்.

முதல் இடம், கடைசியாக மூடிய வெல்ட். இரண்டு பக்கமும் அடைந்த குழாயில் கடைசி அரை அங்குலத்தை இணைக்கும்போது உள்ளே சூடான காற்று விரிந்து, உருகிய உலோகக் குட்டையைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். மேலே பார்த்தால் சின்னப் பரு மாதிரி இருக்கும், நடுவில் முடி நுழையும் துளை. அதன்மேல் இன்னொரு சொட்டு ராடு (நிரப்பும் வெல்டிங் கம்பி) வைத்தால் மூடியதுபோல் தெரியும், கீழே துளை அப்படியே இருக்கும். இதைத் தவிர்க்கத்தான் குழாய்கள் கூடும் கிளஸ்டரில் குறுக்குக் குழாய் உட்காரும் இடத்தில், லாஞ்சரான் சுவரில் 2.5 அல்லது 3 மி.மீ. துளை முன்கூட்டியே போடுவார்கள். காற்று அடுத்த குழாய்க்குப் போய்விடும்.

இரண்டாவது, டார்ச்சை எடுத்த இடம். கரண்டைப் படிப்படியாகக் குறைக்காமல் சட்டென்று விட்டால் குழி விழும், குழியின் நடுவில் விரிசலோ துளையோ இருக்கும்.

மூன்றாவது, நாலைந்து குழாய் கூடும் கிளஸ்டரின் இடுக்கு. வெல்டிங் டார்ச்சின் டங்ஸ்டன் முனை எட்டாத மூலை. டேப் வைத்த ஓரங்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, உள்ளே மில் எண்ணெய் துடைக்காத குழாய். அந்தப் புகையே வெல்டைக் கொப்புளிக்க வைக்கும். நீங்கள் டேப் வைக்கும்போது அசிட்டோன் நனைத்த துணியால் மட்டும் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். வெல்டிங் ஒளியும் சூடும் பட்டால் பாஸ்ஜீன் வாயு உண்டாகும்.

தம்பி, உங்கள் பிரேமில் குழாய்களுக்கு இடையே வழித்துளை இருக்கிறதா? அது தெரியாமல் எண்ணெய் பற்றிப் பேச முடியாது.

#4 சாரல்_செங்கோட்டை

அண்ணாச்சி, தொழிற்சாலைக்கு எழுதிக் கேட்டதில் தெளிவான பதில் வந்தது. கீழ் லாஞ்சரான் இரண்டும் பின்கோடியில் நிற்கும் வால் கம்பமும் மட்டும் உள்ளே ஒன்றோடொன்று திறந்திருக்கும். வால் பக்கம் ஒன்று, மூக்கில் எஞ்சினைப் பிரிக்கும் ஃபயர்வால் பக்கம் ஒன்று என இரண்டு துளை, சுத்தியலால் அடித்து இறக்கும் டிரைவ் ஸ்க்ரூ போட்டு அடைத்திருக்கிறார்கள். மற்ற எல்லாக் குழாயும் தனித்தனியாக மூடியவை. அவற்றிலும் துளை போட்டு எண்ணெய் விடலாமா என்று ஒரு யோசனை.

#5 கும்மிடிப்பூண்டி_கேஜ்

வேண்டாம் சார். தொழிற்சாலை துளை போடாத குழாயில் எண்ணெய்க்காகத் துளை போடக் கூடாது. இருபது முப்பது குழாயில் இரண்டு இரண்டு துளை என்றால் நாற்பது, அறுபது கசிவு வாய்ப்பை நீங்களே உண்டாக்குகிறீர்கள். துளை போட்ட இடம், திரும்பத் திரும்ப விசை பட்டு வரும் களைப்பு விரிசலுக்கும் ஆரம்பப் புள்ளி. கொழிஞ்சாம்பாறைக்காரர் கணக்குப்படி மூடிய குழாய் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். அது மூடியிருக்கிறதா என்று சோதிப்பது மட்டும்தான் நம் வேலை.

ஆய்வில் துரு அகப்படும் குழாய்களில் பெரும்பாலும் தொழிற்சாலை விட்ட குறை இருக்காது, பின்னால் யாரோ போட்ட துளை இருக்கும். வயர் கட்ட ஒரு ஸ்க்ரூ, ஃபேரிங் (காற்றைச் சீராக்கும் மூடி) பிடிக்க ஒரு ரிவ்நட், ஆன்டெனாவுக்கு ஒரு பாப் ரிவெட். பாப் ரிவெட்டின் நடுவே கம்பி போன வழி திறந்தே இருக்கும். குழாயில் எதைப் பிடிக்க வேண்டுமென்றாலும் ரப்பர் வைத்த ஏடெல் கிளாம்ப் (குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) போடுங்கள், அல்லது இப்போதே டேப் பற்றவையுங்கள். கிளாம்ப் ரப்பருக்கு அடியில் ஈரம் தங்கும், அந்த இடத்தில் பெயின்ட் மேல் ஒரு சுற்று ஒட்டு டேப் சுற்றிவிட்டுப் போடுவது நல்லது.

துரு தேடும் இடங்கள்: வால்சக்கர விமானம் எப்போதும் வால் தாழ்ந்தே நிற்பதால் உள்ளே போன நீர் கீழ் லாஞ்சரான் வழியே வால் கம்பத்து அடிக்கு ஓடும். முதலில் அங்கே பாருங்கள். பிறகு இறக்கைத் தாங்கு கம்பங்களின் கீழ் நுனி, லேண்டிங் கியர் கால்கள், பேட்டரிக்குக் கீழே போகும் குழாய். வெளிப்புறத்தில் என்றால் துணி ஒட்டிய கீழ்ப்பக்கம். அங்கே எலி கூடு கட்டினால் அதன் சிறுநீர் பெயின்ட்டையே தின்றுவிடும்.

#6 களியக்காவிளை_டார்ச்

சோதனை முறை இரண்டு வகைக்கும் வேறு வேறு.

தனித்தனியாக மூடிய குழாய்க்கு உள்ளே அழுத்தம் கொடுக்க வழியில்லை. அதற்குச் சூட்டை வைத்துச் செய்ய வேண்டும். குழாயின் இரண்டு முனை வெல்டிலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவி, நடுப்பகுதியை ஹீட் கன்னால் கை பொறுக்காத சூடு வரை மெதுவாகச் சூடேற்றுங்கள். 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் உள்ளே 0.16 பார் கூடும். ஊசித்துளை இருந்தால் அங்கே நுரை பூக்கும். டார்ச் தீ வேண்டாம். வெல்ட் ஓரத்தில் நுரை தானாக அசையாமல் ஒரு நிமிடம் நின்றால் அடுத்த குழாய்க்குப் போகலாம். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும்; நேரே விழுந்தால் சின்னக் குமிழி கண்ணில் படாது.

குழாய் ஆறும்போது துளை வழியே சோப்புத் தண்ணீரை உள்ளே இழுக்கும். அதனால் குமிழி கண்ட உடனே அந்த இடத்தைத் துடைத்து, மார்க்கர் போட்டு, குழாய் சூடாக இருக்கும்போதே ஒரு துண்டு ஒட்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

இணைந்த கீழ் லாஞ்சரான் கூட்டத்துக்கு இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்து, ஒரு துளையில் ரெகுலேட்டரும் கேஜும் மாட்டி, மற்றதைக் காற்றுப் போகாமல் அடைத்து 0.5 பார் கொடுக்கலாம். எட்டு பார் கம்பிரசர் குழாயை நேராக மாட்டுவது கூடவே கூடாது. வழியில் ஒரு சேஃப்டி வால்வு 1 பாருக்கு வைத்து அமையுங்கள்.

துளை அகப்பட்டால் அதன்மேல் ராடு சொட்டாமல், அந்த இடத்தைச் சின்ன பர் (சுழலும் வெட்டுமுனை) கொண்டு துளையின் அடிவரை சுரண்டி, அசிட்டோன் துடைத்து, இஆர்70எஸ்-2 ராடால் நிரப்புங்கள். தனியாக மூடிய குழாய் என்றால் முன்பு சொன்ன அதே தொல்லை வரும், உள்காற்று குட்டையைத் துளைக்கும். முழுக் குழாயையும் சூடேற விடாமல், சுருக்கமாகத் தொட்டு எடுக்க வேண்டும். கைவராதவர்கள் அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுப்பதுதான் நல்லது. எபாக்சி, எம்-சீல் வைத்து அடைப்பது எனக்கு ஏற்பில்லை. அதிர்வில் ஓரம் விட்டுப்போகும், பின்னால் அங்கே பற்றவைக்கவும் முடியாது.

#7 கொழிஞ்சாம்பாறை_கே

> வழியில் ஒரு சேஃப்டி வால்வு 1 பாருக்கு வைத்து

இதோடு ஒண்ணு சேர்த்துக்குங்க. கம்பிரசர் காற்றே வேண்டாம். சாரல் காலத்தில் டேங்க் அடியைத் திறந்து பாருங்க, தண்ணீர் கொட்டும். அது துளித்துளியாக ஹோஸில் வந்து குழாய்க்குள் போய்விடும். துரு வரக் கூடாது என்று சோதிக்கிறோம், சோதனையே தண்ணீரை ஊற்றினால் எப்படி? கேஸ் ஏஜென்சியில் 7 கனமீட்டர் நைட்ரஜன் சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்கும், அதற்குரிய ரெகுலேட்டரோடு எடுங்க. உங்களுக்கு ஆகும் அளவு அதில் ஒரு மூலைக்கும் வராது, ஆனால் வறண்ட வாயு. டயர் கடை நைட்ரஜன் அவசரத்துக்குப் பரவாயில்லை, சுத்தம் குறைவு.

கேஜை இரவு முழுக்க விட்டுப் பார்க்கும்போது வெப்பநிலையையும் எழுதிக்கணும். 0.5 பார் என்றால் உள்ளே மொத்த அழுத்தம் 1.5 பார். 5 டிகிரி குறைந்தாலே கேஜில் 0.025 பார் இறங்கும். அதைக் கசிவு என்று நினைத்து வெல்டைச் சுரண்ட வேண்டாம். இன்று விடிகாலை, நாளை விடிகாலை, அதே தெர்மாமீட்டர். அப்படி ஒப்பிட்டால் போதும்.

சோதனை முடிந்ததும் சோப்பை நல்ல தண்ணீரில் கழுவித் துடைச்சிடுங்க. பாத்திரம் கழுவும் திரவங்களில் உப்பு இருக்கும்.

#8 சாரல்_செங்கோட்டை

தனிக் குழாய்களை மூடியபடியே விட்டுவிட்டுச் சோதனை மட்டும் செய்கிறேன், அது தெளிவு. இணைந்த கூட்டம் மட்டும் பாக்கி. டிரைவ் ஸ்க்ரூ காற்றைத் தடுக்காது என்பதால் அதை "மூடியது" என்று எடுத்துக்கொள்ள முடியாது, சரிதானே? அதற்கு எண்ணெயா?

#9 களியக்காவிளை_டார்ச்

சரிதான். ஏ.என். 535 டிரைவ் ஸ்க்ரூ எண்ணெய் வழியாமல் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அந்தக் கூட்டத்துக்கு என் ஓட்டு எண்ணெய்க்கு.

எண்ணெய், பெயின்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில். தச்சர்கள் வாங்குவது அதுதான். காய்ச்சாத பச்சை எண்ணெய் காய ரொம்ப நாள் எடுக்கும். டபுள் பாயில்டில் காயவைக்கும் உலோக உப்பு சேர்ந்திருக்கும்.

இரண்டு லாஞ்சரானும் சேர்ந்து 9 மீட்டர் என்று வைத்தால் கொள்ளளவு 3 லிட்டர். நிரப்ப வேண்டியதில்லை, ஒரு கிலோ போதும். தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் டப்பாவைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 70 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அடுப்பில் நேரே வைக்க வேண்டாம். பிரேமையும் வெயிலில் வைத்துச் சூடாக்கினால் எண்ணெய் நன்றாக ஓடும். மூக்குப் பக்கத் துளையில் பெரிய சிரிஞ்சால் ஏற்றி, இரண்டு துளையையும் தற்காலிக ஸ்க்ரூவால் அடைத்து, சுழல் ஸ்டாண்டில் பிரேமைத் திருப்புங்கள். வால் கீழே, வால் மேலே, இடப்பக்கம், வலப்பக்கம், தலைகீழ். ஒவ்வொரு நிலையிலும் கால் மணி நேரம். மேல் லாஞ்சரானைத் தரையில் தாங்கவிட்டு உருட்டாதீர்கள், வளைந்துவிடும்.

பிறகு வால் தாழ்த்தி, இரண்டு துளையும் திறந்து, ஒரு இரவும் மறுநாளும் வடியவிட்டு, வடிந்ததை நிறுங்கள். இந்தப் பரப்பில் 50 மைக்ரான் படலம் என்றால் 30 கிராமுக்குள் அடங்கும். ஒரு கிலோ ஊற்றினால் 950 கிராமுக்கு மேல் திரும்ப வர வேண்டும். 850தான் வந்தது என்றால் எங்கோ தேங்கியிருக்கிறது. வேறு கோணத்தில் சாய்த்து மறுபடி வடியுங்கள். தேங்கிய எண்ணெய் மேலே தோல் கட்டி அடியில் திரவமாகவே நிற்கும். அதற்குக் கீழே ஏற்கெனவே ஒரு துளி நீர் இருந்தால் அது அங்கேயே சிறைப்படும். வாலில் தேங்கிய எடை ஈர்ப்பு மையத்தையும் பின்னுக்கு இழுக்கும்.

கடைசியாகப் புது டிரைவ் ஸ்க்ரூ. எடுத்த பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

வரிசை: எல்லா டேப் வெல்டிங்கும் முடிந்து, கசிவுச் சோதனை முடிந்து, பிளாஸ்ட் செய்து (காற்றழுத்தத்தில் துகள் அடித்துச் சுத்தம் செய்து), பிரைமர் அடித்து, அதற்குப் பிறகு எண்ணெய். பிரைமருக்கு முன் எண்ணெய் விட்டால் துளை ஓரத்தில் வழிந்ததன் மேல் பிரைமர் பிடிக்காது.

#10 கொழிஞ்சாம்பாறை_கே

அண்ணா முறை சரி, ஆனால் நான் எண்ணெய் பக்கம் இல்லீங்க. காரணம் மூணு.

எண்ணெய் போன குழாயை நாளைக்கு வெட்டிப் பற்றவைக்கணும் என்றால் சங்கடம். கார்பன் வெல்டுக்குள் போகும், உள்ளே புகை சேர்ந்து பற்றிக்கொள்ளவும் கூடும். வால் கம்பம் பக்கம் தரையில் இடித்துச் சேதமாகும் இடம், பழுதுபார்ப்பு அங்கேதான் அதிகம் வரும்.

ரெண்டாவது, விரிசலை எண்ணெய் காட்டிக்கொடுக்கும் என்பார்கள். காய்ந்த படலம் காட்டாது. காயாத எண்ணெய் கசிந்தால் துணி ஒட்டிய பசையை இளக்கிவிடும்.

மூணாவது, நைட்ரஜன் இருக்கும்போது கேஜே சொல்லிவிடும். டிரைவ் ஸ்க்ரூ துளைகள் இருக்கும் இடத்தில் இழை வெட்டிய சின்ன பாஸ் (வால்வை முறுக்கிப் பொருத்தும் தடித்த வளையம்) பற்றவைக்கத் தொழிற்சாலை ஒப்புதல் கேளுங்க. எழுத்தில் சம்மதம் வராமல் செய்ய வேண்டாம். ஒன்றில் வால்வு, இன்னொன்றில் சின்ன கேஜ்.

நிரப்பும்போது ஒரு முனையில் விட்டு மறுமுனையில் வெளியே ஓட்டினால் வால் கம்பத்து மேல் நுனி மாதிரி முட்டுச்சந்துகளில் பழைய காற்று அப்படியே நிற்கும். அழுத்தி விடும் முறைதான் நல்லது. 1 பார் ஏற்றுங்க, ஐந்து நிமிடம் விட்டு முழுக்கத் திறந்துவிடுங்க. ஒவ்வொரு முறைக்கும் ஆக்சிஜன் பாதியாகும். ஏழு முறையில் 21 சதவீதம் 0.2க்குக் கீழே வந்திரும். ஈரமும் அதே கணக்கில் குறையும். பகல் வெயிலில் பிரேம் சூடாக இருக்கும்போது செய்தால் சுவரில் ஒட்டிய ஈரமும் வெளியே வரும். கடைசியில் 1 பாரில் நிறுத்திடுங்க. குழாய்க்கு இந்த அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை. சுவரில் வரும் இழுவிசை 1.2 மெகாபாஸ்கல் அளவுதான்.

#11 கும்மிடிப்பூண்டி_கேஜ்

இரண்டுமே வேலை செய்யும் வழிகள். கேஜை ஒழுங்காகப் படிப்பீர்களா என்பதை வைத்து முடிவெடுங்கள். 3 லிட்டர் கூட்டத்தில் 0.1 பார் குறைய 300 மி.லி. வாயு வெளியேற வேண்டும். மணிக்கு 1 மி.லி. கசிவு என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று நாள். ஆக, வாரம் ஒரு முறை விடிகாலையில் வெப்பநிலையோடு எழுதினால் மயிரிழை விரிசலையும் பிடிக்கலாம். மாதக்கணக்கில் யாரும் பார்க்காத கேஜ் பூஜ்யத்தில் நின்றால் அந்தக் குழாய் ஊசித்துளைக் குழாய்தான், அதற்கு எண்ணெயே மேல். 25 டிகிரியில் 1 பார், 55 டிகிரியில் 1.2 பார் காட்டும். பறக்கும்போது 10,000 அடியில் இன்னொரு 0.3 கூடுதலாகக் காட்டும். இவை இயல்பு.

ஏ.சி.எஃப்-50, எல்.பி.எஸ்-3 போன்ற ஸ்ப்ரேக்களும் உண்டு. ஏற்கெனவே திறந்திருக்கும் குழாய் முனைகளுக்கு நல்லவை. ஆனால் ஏ.சி.எஃப்-50 போன்ற மெல்லிய படலம் திரும்பத் திரும்பப் போட வேண்டியது, துணி தைத்த பிறகு எட்டாத இடத்துக்கு அதை நம்பக் கூடாது.

பழைய பிரேம் வாங்குவோருக்காகத் தடிமன் அளவீடு பற்றியும் சொல்கிறேன். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அல்ட்ராசோனிக் கேஜ்களின் 5 மெகாஹெர்ட்ஸ் புரோப் ஸ்டீலில் 1.2 மி.மீ.க்குக் கீழே அளக்காது. 0.89 மி.மீ. சுவரில் வைத்தால் இரண்டாவது எதிரொலியைப் பிடித்து 1.78 என்று காட்டும். "சுவர் நல்ல கனமாக இருக்கிறது" என்று ஏமாந்துபோக இதுவே போதும். 15 அல்லது 20 மெகாஹெர்ட்ஸ் டிலே லைன் புரோப், சின்ன விட்டம், குழாயின் வளைவில் ஆடாமல் பிடிக்க ஒரு வி-பிடிப்பு வேண்டும். அதே விட்டக் குழாய்த் துண்டை எடுத்து ஒரு பக்கத்தை அரத்தால் 0.7 மி.மீ.க்குத் தேய்த்து, மைக்ரோமீட்டரால் அளந்து, அதில் கேஜைச் சரிபாருங்கள். பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் ஜெல் வைத்து, குழாயின் அடிக்கோட்டில் 10 மி.மீ.க்கு ஒரு அளவு. நீர் தேங்குவது அடிக்கோட்டில்தான். பக்கவாட்டில் அளந்தால் முழுச் சுவர்தான் கிடைக்கும்.

கேஜ் இல்லாதவர் குழாயை ஹீட் கன்னால் மெல்லச் சூடேற்றிக் கையால் தடவிப் பார்க்கலாம். நீர் தேங்கிய இடம் மற்ற இடத்தைவிடக் குளிர்ச்சியாக நிற்கும்.

#12 சாரல்_செங்கோட்டை

பாஸ் பற்றவைக்கத் தொழிற்சாலை சம்மதிக்கவில்லை என்றால் எண்ணெய், சம்மதித்தால் நைட்ரஜன் என்று வைத்துக்கொள்கிறேன். அண்ணாச்சி சொன்ன வரிசையில் பிளாஸ்ட், பிரைமர் வருகிறது. சாரல் முடியும் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

#13 களியக்காவிளை_டார்ச்

மாதத்தைப் பார்க்காதீர்கள், பனிநிலையைப் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பாருங்கள். ஸ்டீலின் வெப்பநிலை பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே. 28 டிகிரி, 85 சதவீதம் என்றால் பனிநிலை 25 டிகிரிக்கு மேலே போய்விடும். ஸ்டீல் 28ஐத் தாண்டியிருக்க வேண்டும், நிழலில் இருக்காது. 32 டிகிரி, 60 சதவீதம் என்றால் பனிநிலை 23 சொச்சம், தாராளமாக அடிக்கலாம். காலை எட்டு மணிக்குக் காற்று சூடாகும், ஸ்டீல் இரவின் குளிரிலேயே இருக்கும், அப்போது பிரேம் வியர்க்கும். பதினொன்றுக்கு மேல் மூன்றுக்குள் வேலையை வையுங்கள். பிளாஸ்ட் செய்த பகுதிக்கு அன்றே, அந்த வெயிலிலேயே எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். முழுப் பிரேமையும் பிளாஸ்ட் செய்துவிட்டு மறுநாள் அடிக்கலாம் என்று வைத்தால் செம்மண் நிறம் பூத்துவிடும்.

ஆற்று மணல் வேண்டாம், நுரையீரலைக் கெடுக்கும். கார்னெட் (கடினமான கனிமத் துகள்) வாங்குங்கள். மணவாளக்குறிச்சி போலக் கடற்கரை மணலிலிருந்து பிரித்த கார்னெட் என்றால் உப்பு போகக் கழுவியதா என்று பார்க்க வேண்டும். ஒரு டம்ளர் கார்னெட்டில் ஒரு டம்ளர் காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கலக்கி, தெளிந்த நீரில், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விடுங்கள். வெறும் நீருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். அழுத்தம் 50 பி.எஸ்.ஐ. சுற்றி போதும், ஒரே இடத்தில் நாசிலை நிறுத்த வேண்டாம். டிரைவ் ஸ்க்ரூ துளை, போல்ட் புஷ்ஷிங் எல்லாவற்றிலும் ரப்பர் அடைப்பு.

பாஸ்பாரிக் அமில ரஸ்ட் கன்வெர்ட்டரைக் கிளஸ்டர் இடுக்குகளில் ஊற்றாதீர்கள். ஊசித்துளை வழியாக உள்ளே போனால் கழுவ வழியில்லை.

#14 கொழிஞ்சாம்பாறை_கே

எண்ணெய் வழி போனால் ஒரு விஷயத்தை மறக்காதீங்க. லின்சீட் துடைத்த பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி மூலையில் போட்டால் சில மணி நேரத்தில் தானாகவே தீப்பிடிக்கும். காயும்போது சூடு வரும், சுருட்டிய துணி அந்தச் சூட்டை வெளியே விடாது. ஒவ்வொரு துணியையும் வெளியே தரையில் விரித்துக் காயப்போடுங்க. இல்லைன்னா தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள டின்னில் முக்கி வைங்க. துணி சுற்றிய இறக்கை இருக்கும் ஷெட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

#15 சாரல்_செங்கோட்டை

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: இறக்கைத் தாங்கு கம்பங்கள் ஸ்டீலில்தான் வந்திருக்கின்றன, கீழ் நுனியில் இழை வெட்டிய ஃபோர்க் (கவை போன்ற இணைப்பு). அவை மூடியவையா திறந்தவையா?

#16 கும்மிடிப்பூண்டி_கேஜ்

ஃபோர்க் இழை வழியே ஈரம் போகும் வகை என்றால் திறந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பைப்பர் ஜே-3, பிஏ-18 வகை விமானங்களில் இதே இடத்தில் உள்துரு வந்ததால்தான் எஃப்.ஏ.ஏ.யின் ஏ.டி. 93-10-06, பிறகு ஏ.டி. 99-01-05 என்று கட்டாயப் பாதுகாப்பு உத்தரவுகள் (ஏ.டி.) வந்தன. மூடாத கம்பங்களுக்கு 24 மாதத்துக்கு ஒரு முறை கீழ்ப்பகுதி ஆய்வு. மால் ஃபேப்ரிக் டெஸ்டர் என்ற குத்திச் சோதிக்கும் கருவியால் கம்பத்தின் அடியில் வரிசையாகக் குத்திப் பார்ப்பது அதில் ஒரு முறை. பள்ளம் விழுந்தால் கம்பம் போயிற்று. முழுக்க மூடிய மாற்றுக் கம்பம் போட்டவர்களுக்குத் துரு ஆய்வு திரும்பத் திரும்பத் தேவையில்லை. உங்கள் கிட்டுக்கு மூடிய கம்பம் விருப்பத்தேர்வாக இருந்தால் கூடுதல் பணம் கொடுத்து அதையே வாங்குங்கள்.

இப்போது கையில் இருப்பதற்கு: ஃபோர்க்கைக் கழற்றி உள்ளே டார்ச் லைட் அடித்துப் பாருங்கள், வெறும் ஸ்டீல் நிறம் தெரிய வேண்டும். 200 மி.லி. சூடான லின்சீட் ஊற்றி, இரண்டு முனையையும் கார்க்கால் அடைத்து, தலைமாற்றித் தலைமாற்றிச் சுழற்றுங்கள். பிறகு கீழ் நுனி தாழ இருக்கும்படி சாய்த்து ஒரு நாள் வடியவிடுங்கள். இழையில் வழிந்ததைத் துடைத்து, உற்பத்தியாளர் சொல்லும் சீலன்ட் தடவி ஃபோர்க்கைத் திரும்ப ஏற்றுங்கள். கழற்றும்போது ஃபோர்க் எத்தனை சுற்று உள்ளே இருந்தது என்று எண்ணி, கம்பத்திலேயே மார்க்கரால் எழுதுங்கள். அந்தச் சுற்று மாறினால் இறக்கையின் கோணம் மாறும். அப்படியே ஃபோர்க்கின் இழை அடியில் விரிசல் இருக்கிறதா என்று டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டும் சாயம்) போட்டுப் பார்த்துவிடுங்கள், அந்த ஏ.டி.யில் துருவோடு ஃபோர்க் விரிசலுக்கும் ஆய்வு உண்டு.